வராதவர் வீட்டில் ஒரு குளம்

என் கணவர் மழைக்காலத்தில் சம்பாதித்து வெயில்காலத்தில் தூங்கிய மனிதர். தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கீழே பட்டறை, மேலே வீடு. எங்கள் தெரு சுற்றுவட்டாரத்திலேயே பள்ளம். மழை வலுத்தால் தண்ணீர் நேரே எங்களைத்தான் நலம் விசாரிக்க வரும். வந்தால் நெருங்கிய சொந்தம் மாதிரி கூடத்தில் உட்கார்ந்துவிடும், எழுந்து போக மனசே வராது. அந்த நேரத்தில் தெருவுக்கே அவர்தான் செல்லப்பிள்ளை. "எங்க வீட்டுக்கு முதல்ல வாங்க" என்று நாலு பக்கமும் இழுப்பார்கள். வடிந்ததும் மறந்துவிடுவார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "பம்புக்காரனை வெயில்ல யாரும்மா நினைப்பாங்க" என்று துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

அவர் போய் இது மூன்றாவது மழைக்காலம். அதனால் அவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இந்தக் குளம் விஷயத்தில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டத் தேவையில்லாத அளவுக்கு அது தானாகவே பெரிய கூத்து.

அப்போது நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்ல மழை அடித்து ஓய்ந்திருந்தது. மத்தியானம் எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வந்து தலைவலி மாத்திரை கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. இருமல் மருந்து இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார்.

"அக்கா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது இருமல் மருந்து விசாரிப்பாங்களா?"

அக்கா கண்ணாடி மேசையில் விரலால் கோடு இழுத்தார். "இன்னைக்கு நம்ம தெருச் சங்கத்துல கூட்டம் நடந்துச்சில்ல..."

"ஆமா, அந்தப் பிளான் பொண்ணு வரப்போகுதுன்னு சொன்னாங்க."

"வந்துச்சு. நல்ல பொண்ணு. எல்லாருக்கும் பிஸ்கட்கூடக் குடுத்துச்சு."

"சரி?"

"உங்க வீட்டுல குளம் வெட்டப் போறாங்கம்மா."

சொல்லிவிட்டு, மாத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

பிளான் பொண்ணு என்று நாங்கள் சொன்னது நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரியை. மழையின் போக்கே மாறிவிட்டது, முன்பு ஒரு மாதம் பெய்தது இப்போது ஒரே மத்தியானத்தில் கொட்டிவிடுகிறது என்பாள். அதோடு எங்களுக்கு மேற்கே இருந்த வயல்கள் எல்லாம் வீட்டு மனைகளாகிவிட்டன. அங்கே விழுகிற தண்ணீரை முன்பு மண் குடித்தது. இப்போது சிமெண்டு அதை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகையால் எங்கள் தெருவில் ஓரிடத்தைக் காலி செய்து, வருகிற தண்ணீர் நிற்க ஒரு குளம் வெட்ட வேண்டும். அந்த இடம் எது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் முடிவு செய்யக் கூடாது, குடியிருப்பவர்களே சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. இதற்காக மேலதிகாரிகளிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கியிருந்தாள்.

தெரு முழுவதையும் வீடு வீடாக ஒரு பெரிய பிளெக்ஸ் துணியில் அச்சடித்துக் கொண்டுவந்து, சங்கக் கட்டடத்தின் தரையில் விரித்தாள். வீட்டுக்கு ஒரு நீல மூடி. சோடா பாட்டில் மூடிகளைச் சேர்த்து அவளே வண்ணம் அடித்தது. "தண்ணி நிக்கறதுக்கு எந்த இடம் சரின்னு உங்களுக்குத் தோணுதோ அங்க வைங்க. யார் இடம்னு பாக்காதீங்க. குடுக்கறவங்களுக்கு ஆபீஸ் வேற இடம் குடுக்கும்" என்றாள்.

அங்கேதான் எங்கள் தெருவின் குணம் வேலை செய்தது. முகத்துக்கு நேரே யார் மனதையும் நோகடிக்காத தெரு அது. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் "உடம்புக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு வருவார்கள். அப்படிப்பட்டவர்கள், வீட்டுக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் கூடத்தின் மேல் எப்படிக் குளத்தை வைப்பார்கள்? சங்கச் செயலாளர் முதலில் எழுந்தார். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுகிறவர் என்பதால் அவருக்குத் தீர்மானம் என்றே பெயர். கையில் மூடியோடு வரைபடத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாராம். எந்த வீட்டின் மேல் குனிந்தாலும் அந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. தீர்மானம் பெருமூச்சு விட்டு மூடியை அங்கே வைத்தார். அடுத்தவருக்கு அதைவிட நிம்மதி. அவரும் அங்கேயே வைத்தார். பிறகு வரிசையில் நின்று வைத்தார்கள். மூடிகள் குவிந்து, எங்கள் பட்டறையின் மேல் சரிந்து விழுந்தன.

பிளான் பொண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். இப்படி ஓர் ஒற்றுமையை எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை என்றாளாம்.

வழியில் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது இவர் வாசல் குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். குழாயை மூடினார்.

"எல்லாரும் வச்சாங்களா?"

"எல்லாரும்."

"உங்க அண்ணனுமா?"

"அண்ணனும்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிற விஷயமாங்க இது? வீடும் போகுது, பட்டறையும் போகுது. ஊருக்கு வெளிய எங்கியோ இடம் குடுப்பாங்களாம். பம்பைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் எவன் வருவான்?"

"அதில்லம்மா. அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன் தெரியுமா? உங்க அண்ணன் கோடவுன்ல. முட்டி வரைக்கும் தண்ணி. நான் இறைச்சுக்கிட்டு இருக்கேன், 'கொஞ்சம் பாத்துக்கங்க மாப்பிள்ளை, ஒரு கூட்டத்துக்குத் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. இதுக்குத்தானா போனாரு!"

என் அண்ணனுக்கு அதே தெருவில் மெத்தை வியாபாரம். முன்னால் கடை, மாடியில் வீடு, பின்னால் கோடவுன். மழை வந்தால் முதலில் முழுகுவது அந்தக் கோடவுன்தான். பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்தால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. ஆகவே மழை தூறும்போதே அண்ணனிடமிருந்து போன் வரும். அண்ணனைவிட வேகமாக அங்கே ஓடியவர் என் கணவர்.

"இனிமே அண்ணன்கூட எனக்குப் பேச்சே கிடையாது" என்றேன்.

"பேசாம இருந்தா அவருக்கு நிம்மதியாப் போயிடும். பேசு, நிறையப் பேசு" என்றார்.

மறுநாளிலிருந்து பட்டறைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. முதலில் தையல்கார அக்கா, இடுப்பில் ஒரு சின்னப் பம்பை வைத்துக்கொண்டு வந்தார். அதை இவர் போன வாரம்தான் சரிசெய்து கொடுத்திருந்தார்.

"என்னக்கா, மறுபடி நின்னுடுச்சா?"

"ஓடுது தம்பி. ஆனா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"பம்புக்கா, உங்களுக்கா?"

அக்கா பம்பைத் தரையில் வைத்துவிட்டு, நான் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். பின்னாலேயே தீர்மானம் வந்தார். அவருடைய பம்பில் சத்தம் குறைவாக வருகிறதாம்.

"சத்தம் கம்மியா வந்தா நல்லதுதானே சார்?"

"அப்படியா? சரி, எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க. அவசரமே இல்ல. பத்து நாள் ஆனாலும் பரவாயில்ல." போகிறபோது வாசலில் திரும்பி, "உங்களைப் பத்திக் கூட்டத்துல ரொம்ப உயர்வாப் பேசினேன்" என்றார்.

சனிக்கிழமைக்குள் பட்டறையில் கால் வைக்க இடமில்லை. ஒன்றில்கூடப் பழுது இல்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத தெரு, இருந்த பம்பையெல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிட்டது. இவர் ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சும்மாவே திருப்பிக் கொடுத்தார். அண்ணன் மட்டும் வரவில்லை. அண்ணிதான் வந்தார், வெறுங்கையோடு.

"அண்ணே, எங்க வீட்டுப் பம்பு கெட்டுப்போகல. வீட்டுக்காரர்தான் கெட்டுப்போயிருக்கார். அதை இங்க சரிபண்ணுவீங்களா?"

"அதுக்கு ஸ்பேர் கிடைக்காதும்மா. ரொம்பப் பழைய மாடல்" என்றார் இவர்.

அடுத்த வாரம் பிளான் பொண்ணு வந்தாள். தோளில் அளவு டேப், கையில் ஒரு பூந்தொட்டி. பூந்தொட்டியை இவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு வந்தேன் சார்."

"எதுக்கும்மா?"

"இடத்தைக் குடுக்கறதுக்கு. அதைவிட, நீங்க இருந்தா மத்தவங்க கூச்சப்படுவாங்கன்னு கூட்டத்துக்கே வராம ஒதுங்கி இருந்தீங்க பாருங்க, அதுக்கு. செயலாளர் சார் சொன்னார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"ஒதுங்கி எல்லாம் இல்லம்மா. ஒரு கோடவுன்ல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தேன். என் வீட்டுல குளம் வரப்போகுதுங்கறதே என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெயிண்ட் டப்பாவில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப வராதவங்க வீடுன்னு வச்சுட்டாங்களா?"

"கெட்ட மனசு இல்லம்மா, மரியாதைதான்" என்றார் இவர். "எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்குக் குடுத்த மரியாதை."

"நான் போய் ஒற்றுமைன்னு எழுதி வச்சிருக்கேன் சார்."

"இன்னும் அனுப்பலையே?" என்று நான் கேட்டேன்.

"அனுப்பல. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். திரும்பவும் கூட்டம் போடறேன். தெருவே ஒத்துக்கற மாதிரி வேற ஒரு வழி கிடைச்சா அதை அனுப்பலாம். கிடைக்கலேன்னா..." பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். "தெருவிலேயே பள்ளமான இடம் இதுதான். மறைச்சுச் சொல்லக் கூடாதில்ல. அப்ப இதுதான் போகும்."

ஆக அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் கூரை ஒரு பாட்டில் மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவிக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க" என்றேன். "அன்னைக்குக்கூட இவ்வளவு பயம் இல்ல" என்றார்.

இந்த முறை பிளான் பொண்ணு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிட்டிருந்தாள். யாரும் விடுபடவில்லை. அதே பிளெக்ஸ், அதே மூடிகள். இவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆளாளுக்கு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். தினமும் பார்க்கிற மனிதரை, ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் மாதிரி.

தீர்மானம் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தர் தலையில மட்டும் பாரத்தை வைக்கறது நியாயமில்ல. இந்தத் தெருவுக்காக என் வீட்டையே எடுத்துக்கங்க!"

"எந்த வீட்டை?" என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி.

தீர்மானம் குனிந்து தன் வீட்டின் நடுக்கூடத்தில் மூடியை வைத்தார். மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தீர்மானம் மூடியை மெதுவாகச் சமையலறைக்கு நகர்த்தினார். மனைவி நகரவில்லை. மூடி சமையலறையையும் தாண்டி, பின்பக்கக் குளியலறையில் போய் நின்றது. மனைவி திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகு போட்டி பிடித்துக்கொண்டது. ஒருவர் கொடுத்து இன்னொருவர் கொடுக்காமல் இருந்தால் மரியாதையா? "என் வீட்டுலயும் எடுத்துக்கங்க", "நான் மட்டும் என்ன சும்மாவா?" என்று ஆளாளுக்கு முண்டியடித்து வந்து, அவரவர் வீட்டின் மேல் வைத்தார்கள். ஆனால் தியாகம் செய்தாலும் கூடத்தை யார் கொடுப்பார்கள்? எல்லா மூடியும் வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கொல்லைக்கு ஓடியது. தையல்கார அக்கா துண்டுத் துணி போட்டு வைக்கும் கொட்டகையில் வைத்தார். இவர் எங்கள் பட்டறையின் பின்னால், பம்பை ஓட்டிப் பார்க்கிற சிமெண்டுத் தொட்டியின் மேல் வைத்தார்.

பிளான் பொண்ணு தலையில் கை வைத்துக்கொண்டாள். "போன தடவை தெருவுக்கே ஒரு குளம். இப்போ வீட்டுக்கு ஒரு குளம். இதை நான் எங்கன்னு அனுப்பறது? ஆளுக்கொரு வாளி குடுத்துடலாம் போல."

இருந்தாலும் படம் எடுத்தாக வேண்டுமே. முழு வரைபடமும் தெரிவதற்காக ஒரு நாற்காலியின் மேல் ஏறினாள். போனைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் சுவரோரமாத் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றோம். தள்ளி நின்று பார்த்தால் எங்களுக்கும் தெரிந்தது. மேற்கே புது மனைகள் தொடங்குகிற இடத்திலிருந்து, வீடுகளின் பின்பக்கமாகவே, தெருக்கோடியில் ஆறு வரைக்கும், யாரோ நூல் பிடித்து வைத்தது மாதிரி ஒரு நீலக் கோடு.

பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"இது என்னது?" என்றாள் பிளான் பொண்ணு.

எங்களுக்குத் தெரியும். அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அங்கே ஒரு வாய்க்கால் ஓடியது. முதலில் ஒருவர் குப்பைநாற்றம் என்று பலகை போட்டு மூடினார். இன்னொருவர் பலகை மேல் மண் கொட்டினார். அப்புறம் ஒரு கொட்டகை, ஒரு குளியலறை, ஒரு தொட்டி. ஒருவரைப் பார்த்து ஒருவர், கண்டும் காணாமல், வாய்க்காலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு யாரும் அந்தச் சொல்லையே உச்சரிப்பதில்லை. பேச்சில் அது 'பின்னாடி' ஆகிவிட்டது. அவள் அலுவலகத்து வரைபடத்திலும் அது என்றைக்கோ வீட்டு மனையாகிவிட்டிருந்தது. அடுத்தவர் கொல்லையைச் சொன்னால் தன் கொல்லையும் வெளியே வரும் என்பதால், முதல் கூட்டத்திலும் எவரும் வாய் திறக்கவில்லை.

"வாய்க்கால்தான், வேறென்ன?" என்றார் அண்ணி. "எல்லாரும் சேர்ந்து முழுங்கிட்டு இப்போ ஏப்பம்கூட விடாம நிக்கறாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். மூச்சை அடக்கி வைத்திருந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். பிளான் பொண்ணு நாற்காலியிலிருந்து குதித்தாள். அவள் பேசிய வேகத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. குளமே வேண்டாம், தண்ணீர் நிற்கவே வேண்டாம், பின்னால் இருக்கிற கொஞ்சத்தை ஒவ்வொருவரும் விட்டால் போதும், அது தானாகவே ஆற்றுக்குப் போய்விடும், யாரும் வீட்டை விட வேண்டியதில்லை. இவர் என் பக்கம் திரும்பினார். அவர் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

அப்போதுதான் அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், நடுவில் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க மட்டும் மூடி இல்லையே. இது யார் வீடு?"

மெத்தைக்கடை. என் அண்ணனுடைய மூடி கடைக்கு முன்னால், நடுத்தெருவில் இருந்தது.

"ரோட்டுல வச்சிருக்கீங்களே சார்?"

"ரோடு பொது இடம்தானேம்மா?" என்றார் அண்ணன். "பொது இடத்தைப் பொதுக்காரியத்துக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க தாராளத்துக்கு அளவே இல்லை" என்றார் அண்ணி.

பிளான் பொண்ணு பொறுமையாகச் சொன்னாள். கோடவுன் நிற்பது வாய்க்காலுக்குக் குறுக்கே. அது அங்கே இருந்தால் மேலே இருந்து வருகிற அத்தனை தண்ணீரும் அதில் முட்டி நிற்கும். மற்றவர்கள் எல்லோரும் கொடுத்தும் பயனில்லை. மறுபடி பள்ளமான ஓரிடத்தில் குளம்தான். அந்த இடம் எது என்று அவள் சொல்லவில்லை. அவசியமும் இல்லை.

"முடியாது" என்றார் அண்ணன். "எல்லாரும் குளியலறையும் கொட்டகையும் குடுப்பீங்க. நான் மட்டும் பொழப்பைக் குடுக்கணுமா?"

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அண்ணனை எனக்குத் தெரியும். தலையில் மெத்தையைச் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவர் அவர். கடை பின்னால்தான் வந்தது. கூரை என்று அவர் முதலில் போட்டது அந்தக் கோடவுனுக்குத்தான். கூரை போட்ட அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கே வரவில்லை, அதற்குள்ளேயே படுத்துத் தூங்கினார். கூட்டத்தில் தெரு முழுக்க அவரைத் திட்ட ஆரம்பித்தது. முகத்துக்கு நேரே யாரையும் நோகடிக்காத தெரு, அன்றைக்கு அதையும் மறந்துவிட்டது.

அப்போது இவர் எழுந்தார்.

"மச்சானை விடுங்கப்பா. அது அவர் கையால கட்டின இடம். போகட்டும், என் இடத்துலயே வெட்டிக்கங்க. நாங்க எங்கியாவது பாத்துக்கறோம். அவர் நல்லா இருக்கட்டும்."

அண்ணன் முகத்தில் முதலில் நிம்மதிதான் தெரிந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவாகவோ மாறியது. இந்த மனிதருக்குத் தங்கையைக் கொடுத்தபோதே "பம்புக்காரன்தானே" என்று ஒரு வார்த்தை விட்டவர் அவர். அந்தப் பம்புக்காரன் எல்லோர் முன்னாலும் தனக்கு வாழ்வு கொடுக்கிறானா?

"யாரு? யாரு நல்லா இருக்கட்டும்?" என்றார்.

"நீங்கதான் மச்சான்."

"உன் தயவுல நான் நல்லா இருக்கணுமா?"

"தயவு எல்லாம் இல்ல மச்சான்..."

"நீ வீட்டைக் குடுத்துட்டுப் பெரிய மனுஷனாப் போயிடுவ. நான் காலம் பூரா அந்தக் கோடவுனைப் பாத்து 'மாப்பிள்ளை போட்ட பிச்சை'ன்னு நினைக்கணும். அதானே?"

"அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லாதது எனக்குக் கேட்டுடுச்சு!" அண்ணன் மண்டியிட்டு, தெருவிலிருந்த மூடியை எடுத்து, கோடவுன் மேல் அடித்து வைத்தார். "இன்னொண்ணு குடும்மா."

"சார், வீட்டுக்கு ஒண்ணுதான்."

"மத்தவங்களுக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு!"

ரெண்டாவது மூடியையும் வாங்கி அதன் மேலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அண்ணி பின்னால் போகாமல் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? ஸ்பேர் இல்லாமலே ஓடிடுச்சு" என்றார்.

அது தந்திரமா, மனசா என்று நான் இவரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை "உங்க அண்ணனை எனக்குத் தெரியாதா?" என்றார். ஒரு தடவை "நிஜமாத்தான் சொன்னேன், அவர் பாவம்" என்றார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது, "நல்லவேளை அவருக்குக் கோபம் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். இவற்றில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒரே மனிதர் சொன்னவைதான்.

வாய்க்கால் வெட்ட வெயில்காலம் முழுவதும் ஆயிற்று. தெருவே இடிபாடும் தூசியுமாகக் கிடந்தது. தீர்மானம் புதுக் குளியலறை முடியும்வரை எங்கள் வீட்டுக்குக் குளிக்க வந்தார், தினமும் நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார். அண்ணனுக்கு மேட்டுப் பக்கம் ஒரு கோடவுன் கிடைத்தது. பழையதைவிட அகலம், ஆனாலும் வருகிறவர்களிடம் குறை சொல்லாமல் இருக்க மாட்டார்.

பிறகு முதல் பெருமழை வந்தது. காலையிலிருந்து கொட்டியது. இவர் பழக்கத்தில் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். போன் அடிக்கவில்லை. தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, யோசித்தது, பின்னால் போய்விட்டது. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மழை நாளில் வீட்டில் இருந்து பழக்கமே கிடையாது. மேலே வந்தார். டீ கேட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மிக்ஸியைக் கழற்றினார். சன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டார். மழைச் சத்தம் இவ்வளவா கேட்கும் என்று என்னைக் கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் கேக்கும். நீங்கதான் இருந்ததில்ல" என்றேன்.

சற்றுநேரம் என் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் தாங்கியது. பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் அங்க தனியா நின்னு என்ன பண்றார்?" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மேலிருந்து பார்த்தேன். பழைய கோடவுன் இருந்த இடத்தில், வாய்க்கால் கரையில், ஒரே குடைக்குள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஓடுகிற தண்ணீரைக் கையை நீட்டி நீட்டிக் காட்டி, இரைந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க இடத்துக்கிட்ட வந்ததும் தண்ணி மெதுவாப் போகுது பாருங்க மச்சான். அஸ்திவாரத்தை ஒழுங்காத் தோண்டி எடுக்கல நீங்க."

"உன் கண்ணு மெதுவாப் பாக்குது. என் இடத்துலதான் வேகமே வருது!"

அடுத்த மழைக்கும் அங்கேதான் நின்றார்கள். அதற்கடுத்த மழைக்கும். வேகமா மெதுவா என்பது மட்டும் முடிவுக்கு வரவில்லை.

இந்த மழைக்காலத்திலும் அண்ணன் கரையில்தான் நிற்கிறார். போன வாரம் சன்னலைச் சாத்தப் போனவள் கேட்டேன். குடையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பாதி நனைந்தபடி, தண்ணீரைக் கைகாட்டிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்போ சொல்லு மாப்பிள்ளை, இதுவா மெதுவாப் போகுது?"